மழைக்கு முன்னாடி ஒரு தடவை பெட்டியைத் திறங்க

தேனீ வளர்ப்புன்னு யூடியூப்ல தேடினா, செப்டம்பர் மாசத்துக்குன்னே தனியா ஒரு குவியல் வீடியோ வரும். எல்லாத்துலயும் கிட்டத்தட்ட ஒரே அறிவுரைதான். ஒரு பங்கு தண்ணிக்கு ரெண்டு பங்கு சர்க்கரை போட்டுக் கெட்டியா பாகு செய், பெட்டி நல்லா கனக்குற வரைக்கும் ஊத்து, மூடிட்டு பனிக்காலம் முடியுற வரை தொடாதே. இங்கிலாந்திலயோ கனடாவிலயோ இருக்கிறவங்களுக்கு அது சரி. பழனிமலையில ஒருத்தர் அதை அப்படியே பின்பற்றினா, நவம்பர்ல பெட்டிக்குள்ள பாகு மட்டும் இருந்து தேனீ இல்லாமப் போகவும் வாய்ப்பு உண்டு.

காரணம் ரெண்டு. நம்ம செப்டம்பர் வேற. நம்ம தேனீயும் வேற.

எங்க மாமா கீழ்ப்பழனியில காபித் தோட்டத்துக்குள்ள பதினாலு பெட்டி வச்சிருக்கார். செமஸ்டர் லீவுல போறப்ப நானும் கூட நின்னு பெட்டி திறப்பேன். இதுல இருக்கிறது பாதி அவர்கிட்ட பார்த்துக் கத்துக்கிட்டது, மீதி படிச்சது. நடுவுல வர்ற கணக்கு மட்டும் என்னோடது.

முதல்ல தேனீ. அந்த வீடியோக்கள்ல வர்றது ஐரோப்பியத் தேனீ. நம்ம ஊர்ல அதை இத்தாலியத் தேனீன்னு சொல்றாங்க. சமவெளியில சூரியகாந்தி, முருங்கை பக்கம் வைக்கிற பெரிய பெட்டிகள்ல இருக்கிறது அதுதான். மலையில பெட்டியில வளர்க்கிறது இந்தியத் தேனீ. மரப்பொந்து, பாறை இடுக்கு மாதிரி இருட்டான இடத்துல அடை அடையா வரிசையாக் கட்டுறதால இதுக்கு அடுக்குத் தேனீ, பொந்துத் தேனீன்னும் பேரு இருக்கு. உருவத்துல சின்னது, கூட்டமும் சின்னது. வருஷத்துக்கு ஒரு பெட்டியில சில கிலோ தேன் கிடைச்சாலே சந்தோஷம். பளியர்கள் பாறைச்சரிவுல ஏறி எடுக்கிற தேன் இதுங்களோடது இல்ல, அது மலைத்தேனீயோடது. அதைப் பெட்டியில அடைக்க முடியாது.

அடுக்குத் தேனீக்குப் பொருத்தமான பெட்டியை உருவாக்கினவர் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில இருந்த பாதிரியார் நியூட்டன். அமெரிக்காவுல லாங்ஸ்ட்ராத் 1851ல கண்டுபிடிச்ச சட்டப் பெட்டி பத்துச் சட்டம் வைக்கிற அளவுல பரவிடுச்சு. நம்ம சின்னத் தேனீக்கு அது கல்யாண மண்டபத்துல நாலு பேர் குடித்தனம் நடத்துற மாதிரி. நியூட்டன் அதைச் சுருக்கினார். கீழே புழு அறையில ஏழு சட்டம், மேல ஒரு தேன் அறை, அவ்வளவுதான். 1911 முதல் 1917 வரைக்கும் கிராமத்து ஆளுங்களுக்கு அவர் பயிற்சியும் கொடுத்தார். நூறு வருஷம் தாண்டியும் மலையில நீங்க பார்க்கிற பெரும்பாலான பெட்டி அந்த வழியில வந்ததுதான். பாட்டன்ட் எடுத்துட்டு மறந்து போற நம்ம ஃபைனல் இயர் புராஜெக்ட்களோட இதை ஒப்பிட வேண்டாம், மனசு கஷ்டப்படும்.

அடுத்தது செப்டம்பர். பழனிமலைக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆனா அடிச்சுப் பெய்யறது அக்டோபர், நவம்பர்லதான். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை பக்கம் தேனீக்கு விருந்துக் காலம்னா அது மார்ச்சுல இருந்து மே வரைக்கும். கோடையில ஒரு நல்ல மழை விழுந்தா ஒரு வாரம், பத்து நாள்ல காபிச் செடி மொத்தமும் வெள்ளையாப் பூத்துடும். நாலஞ்சு நாள்ல அது முடிஞ்சாலும், நிழலுக்கு வச்ச சில்வர் ஓக் இருக்கு, காட்டுமரங்கள் இருக்கு. தேன் எடுக்கிறது அப்போதான். அதுக்கப்புறம் காத்து, சாரல், பூ குறைவு. செப்டம்பர்ல ரெண்டு மழைக்கும் நடுவுல கொஞ்சம் வெயில் கிடைக்கும். அதைத் தாண்டினா அடைமழை. அமெரிக்காக்காரருக்குச் செப்டம்பர் பனிக்கு முன்னாடி இருக்கிற கடைசி வாரங்கள். நமக்கு அது மழைக்கு முன்னாடி இருக்கிற கடைசி வாரங்கள். வெளியில பார்க்க ரெண்டும் ஒண்ணு மாதிரி இருக்கும், ஆனா உள்ள நடக்கிறது வேற.

ஓடிப்போறதுக்கும் ஒரு திட்டம் இருக்கு

பனி நாட்டுத் தேனீ சாப்பாடு தீர்ந்தா பெட்டிக்குள்ளயே செத்துப்போகும். வெளிய போனா உறைஞ்சிடும், அதுக்கு வேற வழி கிடையாது. அடுக்குத் தேனீக்கு வழி இருக்கு. இங்க சாப்பாடு இல்லையா, மலையில இன்னும் கொஞ்சம் கீழ இருக்கும். ராணி, வேலைக்காரத் தேனீன்னு மொத்தக் குடும்பமும் கிளம்பிடும். இதைக் கூட்டம் பிரியுறதோட குழப்பிக்காதீங்க. கூட்டம் பிரியுறது செழிப்பான காலத்துல, பாதிப் பேர் பழைய ராணியோட போய்த் தனிக்குடித்தனம் வைக்கிறது. பஞ்சத்துல நடக்கிறது ஊரைக் காலி பண்ணிட்டுப் போறது.

எனக்கு இந்த விஷயத்துலயே ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். அது திடீர் முடிவு இல்ல. வரவு குறையக் குறைய ராணி முட்டையிடுறதைக் குறைக்கும், அப்புறம் நிறுத்திடும். வேலைக்காரத் தேனீங்க மகரந்தம் கொண்டு வர்றதைக் குறைக்கும், ஊட்டுறதுக்குக் குழந்தை இல்லாதப்ப மகரந்தம் எதுக்கு? ஏற்கனவே மூடின அறைகள்ல இருக்கிற கூட்டுப்புழுக்கள் மட்டும் வெளிய வர்ற வரைக்கும் காத்திருக்கும். முட்டையில இருந்து ஒரு வேலைக்காரத் தேனீ வெளிய வர மூணு வாரத்துக்குக் கொஞ்சம் கம்மியா ஆகும். கடைசிப் புழுவும் தேனீயா வெளிய வந்ததும், மிச்சம் இருக்கிற தேனை எல்லாரும் வயித்துல நிரப்பிக்கிட்டு, மழை விட்ட ஒரு காலையில கிளம்பிடும். விட்டுட்டுப் போறதுக்குள்ள குழந்தையும் இருக்காது, சாப்பாடும் இருக்காது. வீட்டைக் காலி பண்றப்ப நாம விட்டுட்டுப் போற சாமானை விட அதுங்க விட்டுட்டுப் போறது கம்மி.

இதுல நமக்கு ஒரு நல்ல செய்தி இருக்கு. அதுங்க தயாராக எடுத்துக்கிற அந்த ரெண்டு, மூணு வாரம்தான் நமக்குக் கிடைக்கிற நோட்டீஸ் பீரியட். சரியான நேரத்துல பெட்டியைத் திறந்து பார்த்தவங்களுக்கு அந்த நோட்டீஸ் கண்ணுல படும். நவம்பர்ல மழை விட்டதும் போய்த் திறக்கிறவங்களுக்குக் காலிப் பெட்டிதான் தெரியும்.

திறந்து என்ன பார்க்கணும்

திறக்கிறதுக்கு முன்னாடியே பாதி தெரிஞ்சுடும். பத்து நிமிஷம் வாசல் பக்கம் ஓரமா உட்காருங்க. பின்னங்கால்ல மஞ்சளாவோ ஆரஞ்சாவோ மகரந்த உருண்டையோட தேனீங்க உள்ள போகுதுன்னா, உள்ள ஊட்டுறதுக்குக் குழந்தை இருக்குன்னு அர்த்தம். போக்குவரத்து இருக்கு ஆனா ஒரு காலுலயும் மகரந்தம் இல்லன்னா, சந்தேகப்படுங்க.

அடுத்தது, பெட்டியைப் பின்பக்கமா ஒரு கையால லேசாத் தூக்கிப் பார்க்கிறது. எங்க மாமா பதினாலு பெட்டியையும் அஞ்சு நிமிஷத்துல இப்படித் தூக்கிப் பார்த்துட்டு, "மாப்ள, இது மூணும் காத்தாக் கெடக்கு"ன்னு சொல்லிடுவார். இதுக்கு லோட் செல், இஎஸ்பி32 வச்சு ஒரு ஐஓடி புராஜெக்ட் செய்யலாமேன்னு நீங்க நினைக்கிறது கேக்குது. நானும் நினைச்சேன். சிக்கல் என்னன்னா, மழையில பெட்டி மரம் தண்ணியை உறிஞ்சும், வெயில்ல விடும். அந்த எடை ஏற்ற இறக்கம், தேனீங்க ஒரு நாளைக்குச் சாப்பிடுற அளவை முழுசா மூடி மறைச்சிடும். வாரக்கணக்குல போக்கு பார்க்கச் சென்சார் உதவும். முட்டை இருக்கா இல்லையான்னு அது சொல்லாது.

முட்டைக்குத் திறந்துதான் ஆகணும். வெயில் அடிக்கிற ஒரு நாள், பதினோரு மணியில இருந்து ரெண்டு மணிக்குள்ள. அப்போ பறக்கிற தேனீங்க பாதி வெளிய இருக்கும், உள்ள குளிரும் தாக்காது. புகை ரெண்டு மூணு ஊதல் போதும். அடுக்குத் தேனீ ரொம்பப் பதற்றமான பிராணி, புகையை அதிகமாக்கினா சட்டத்தை விட்டு ஒரே மூலையில போய்க் குவிஞ்சுக்கும், அப்புறம் எதையும் பார்க்க முடியாது. ராணியைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டியதில்ல. நடுச்சட்டத்தை வெளிச்சத்துக்குச் சாய்ச்சு அறைக்குள்ள பாருங்க. முட்டை அரிசிக்குருணையை விடச் சின்னதா, வெள்ளையா இருக்கும். மூணு நாள்தான் அது முட்டையா இருக்கும். முதல் நாள் நேரா நிக்கும், அடுத்த நாள் சாயும், மூணாம் நாள் படுத்துடும். நிக்கிற முட்டையைப் பார்த்துட்டீங்கன்னா ராணி இருக்கு, நேத்தோ இன்னிக்கோ வேலை பார்த்திருக்குன்னு உறுதி.

அதே சட்டத்துல மேல் ஓரமா தேன் வளைவு இருக்கணும், அதுக்குக் கீழ மகரந்தம், அதுக்குக் கீழ புழு. மூடின கூட்டுப்புழு நிறைய இருக்கு, ஆனா முட்டையும் சின்னப் புழுவும் இல்ல, மேல தேன் வளைவும் வத்திப்போயிருக்கு. இந்த மூணும் சேர்ந்து தெரிஞ்சா அதுதான் நோட்டீஸ். அன்னைக்குச் சாயங்காலமே பாகு வைக்கணும், அடுத்த வாரம்னு தள்ளக் கூடாது.

இன்னொண்ணும் கண்ணுல படலாம். மூடாத அறைக்குள்ள செத்த புழு, தலை மட்டும் படகு முனை மாதிரி மேல தூக்கிக்கிட்டு, இடுக்கியால எடுத்தா தண்ணி நிரம்பின பை மாதிரி வரும். அது தாய் சாக்புரூட்ங்கிற வைரஸ் நோய். 1991, 92 வாக்குல தென்னிந்தியாவுல அடுக்குத் தேனீப் பெட்டிகள்ல பெரும்பகுதியை அழிச்சது இதுதான். கேரளா, கன்னியாகுமரியில தேனையே நம்பியிருந்த குடும்பங்கள் ஒரே வருஷத்துல வேற வேலைக்குப் போக வேண்டியதாச்சு. இதுக்கு மருந்து கிடையாது. அந்தச் சட்டத்தை எடுத்து அழிக்கணும், அந்தப் பெட்டியைத் தொட்ட கையோட அடுத்த பெட்டிக்குப் போகக் கூடாது.

பாகு: ஒரு சின்ன வெப்பக் கணக்கு

தேனீ புழு இருக்கிற இடத்தை 34, 35 டிகிரியில வச்சிருக்கும். கொடைக்கானல் டவுன் 2,100 மீட்டர் உயரம், அக்டோபர் ராத்திரி 12 டிகிரி பக்கம் இறங்கிடும். கீழ்ப்பழனியில அவ்வளவு இல்ல, ஆனாலும் குளிர்தான். இந்த வித்தியாசத்தைச் சமாளிக்கிற ஹீட்டர், தேனீயோட இறக்கைத் தசை. எரிபொருள் சர்க்கரை. ஒரு கிராம் சர்க்கரையில சுமார் 16.7 கிலோஜூல். ஒரு வாட் வெப்பத்தை ஒரு நாள் முழுக்கத் தரணும்னா 86.4 கிலோஜூல், அதாவது ஏறத்தாழ 5 கிராம் சர்க்கரை. ஒரு கூட்டம் 5 வாட் செலவழிக்குதுன்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்கிட்டா நாளைக்கு 26 கிராம். பத்து நாள் வெளிய போக முடியாத அடைமழைன்னா கால் கிலோ. கேக்கப் பெருசாத் தெரியாது. ஆனா தேன் வளைவு வத்திப்போன ஒரு சின்னப் பெட்டிக்கு அந்தக் கால் கிலோதான் இருக்கலாமா போகலாமாங்கிற கேள்வி. 2018 நவம்பர் 16ல கஜா புயல் திண்டுக்கல் வழியா வந்தப்ப கொடைக்கானல் ரோட்டுலயே மரங்கள் சாய்ஞ்சு போக்குவரத்து நின்னுச்சு. அந்த மாதிரி வாரத்துல பாகு தூக்கிக்கிட்டு யாரும் தோட்டத்துக்குப் போக முடியாது. அதனாலதான் செப்டம்பர்.

சரி, தண்ணியாவா, கெட்டியாவா? சமபங்குல கரைச்ச தண்ணிப்பாகு பூந்தேன் மாதிரி இருக்கும். "வரவு ஆரம்பிச்சிடுச்சு"ன்னு நம்பி ராணி மறுபடி முட்டையிடும். ரெண்டுக்கு ஒண்ணு கெட்டிப்பாகு சேமிப்புக்கு. தேனீ எந்தப் பாகையும் அப்படியே மூடி வைக்காது. தண்ணி ஏறக்குறைய 20 சதவீதத்துக்கு வர்ற வரை ஆவியாக்கும். ஒரு கிலோ சர்க்கரையைச் சமபங்கு பாகாக் கொடுத்தா அது 750 கிராம் தண்ணியை ஆவியாக்கணும். கெட்டிப்பாகுன்னா 250 கிராம் போதும். அதுக்கான வெப்பத்தைச் சர்க்கரையாக் கணக்குப் போட்டா முதல் வகையில குறைஞ்சது 108 கிராம் வீண், ரெண்டாவதுல 36 கிராம். மூணு மடங்கு வித்தியாசம். இது வெறும் கொள்கைக் கணக்கு, நிஜத்துல இன்னும் அதிகம் போகும். மேகம் தோட்டத்துக்குள்ளயே வந்து உட்கார்ந்திருக்கிற மலையில காத்து ஏற்கனவே ஈரம். அதோட இன்னொரு வேடிக்கை: ஐரோப்பியத் தேனீ வாசல்ல தலையை உள்பக்கம் வச்சு விசிறி, உள்ள இருக்கிற காத்தை வெளிய இழுக்கும். அடுக்குத் தேனீ தலையை வெளிப்பக்கம் வச்சு விசிறி, வெளிக்காத்தை உள்ள தள்ளும். எக்ஸாஸ்ட் ஃபேனுக்குப் பதிலா டேபிள் ஃபேன்.

அதனால என் கணக்கும் மாமாவோட பழக்கமும் ஒரே இடத்துல வந்து நிக்குது. செப்டம்பர்ல வெயில் இருக்கிறப்ப, முட்டை நின்னுபோன பெட்டிக்குச் சமபங்குப் பாகு. மழை பிடிச்சதுக்கப்புறம் கெட்டிப்பாகு மட்டும். எப்பவுமே கொஞ்சமா, ஒரு தடவைக்கு ஒரு டம்ளர், ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை. வீடியோல வர்ற மாதிரி லிட்டர் கணக்குல ஊத்தினா, ராணி முட்டையிட வேண்டிய அறையையெல்லாம் பாகு பிடிச்சுக்கும். குடிச்சு முடிக்காத பாகு ரெண்டு நாள்ல புளிச்சும் போகும்.

தண்ணியைச் சூடாக்கி, அடுப்பை அணைச்சுட்டு, அப்புறம் வெள்ளைச் சர்க்கரையைக் கரைங்க. சேர்த்துக் கொதிக்க விட்டுக் கருக விட்டா அது தேனீக்கு ஆகாது. "வெல்லம், கருப்பட்டி இயற்கையானதாச்சே"ன்னு கேட்பாங்க. நமக்கு நல்லது, தேனீக்கு இல்ல. அதுல இருக்கிற உப்புச்சத்து, கசடு எல்லாம் வயித்துல தங்கும். தேனீ கூட்டுக்குள்ள அசிங்கம் பண்ணாது, வெளிய பறந்துதான் போகும். பத்து நாள் மழையில வெளிய போக முடியாதப்ப அதுக்கு வயித்துப்போக்கு வந்தா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க. கடையில வாங்கின தேனும் வேண்டாம், வேற கூட்டத்து நோய் அதுல வரலாம்.

கொட்டாங்குச்சியில பாகை ஊத்தி, மூழ்காம உட்கார நாலு சுள்ளியைப் போட்டு, சட்டங்களுக்கு மேல தேன் அறை இருக்கிற இடத்துல வைக்கணும். இருட்டுற நேரத்துல, எல்லாப் பெட்டிக்கும் ஒரே நாள்ல. ஒரு பெட்டிக்கு மட்டும் பகல்ல வச்சா வாசனை பிடிச்சுப் பக்கத்துப் பெட்டிக்காரங்க கொள்ளையடிக்க வந்துடுவாங்க. அதுல பலவீனமான கூட்டம் மொத்தமா அழிஞ்சுபோகும். வெளிய ஒரு சொட்டுகூடச் சிந்தக் கூடாது. வாசலை ரெண்டு தேனீ போற அளவுக்குக் குறைச்சுடுங்க. ஸ்டாண்டு காலுக்கு அடியில எறும்புக்கு வைக்கிற தண்ணிக் கிண்ணம் காய்ஞ்சிருக்கான்னும் ஒரு பார்வை.

பாகு எரிபொருள் மட்டும்தான், அதுல புரதம் கிடையாது. குழந்தை வளர்க்க மகரந்தம் வேணும், அது பூவுல இருந்துதான் வரணும். தோட்டத்து ஓரத்துல களைன்னு சொல்லி எல்லாத்தையும் வெட்டிச் சாய்க்கிறவங்க பெட்டியில எவ்வளவு பாகு வச்சும் கூட்டம் தேறாததுக்கு இது ஒரு காரணம்.

அப்போ அது சர்க்கரைத் தேனா?

ஹாஸ்டல்ல இதைச் சொன்னா முதல்ல வர்ற கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. 2020 டிசம்பர்ல டெல்லியில இருக்கிற சிஎஸ்இ அமைப்பு 13 பிராண்டு தேனைச் சோதிச்சு, 3 மட்டும்தான் எல்லாச் சோதனையிலயும் தேறுச்சுன்னு சொன்னதுல இருந்து எல்லாருக்கும் சந்தேகம். அங்க சொல்லப்பட்ட குற்றச்சாட்டு தேன்ல பாகைக் கலக்கிறது. பஞ்சத்துல தேனீக்குப் பாகு வைக்கிறது வேற விஷயம். ஆனா ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற கோடு மெல்லிசு. பாகு வைக்கிற மாசங்கள்ல தேன் அறையில சட்டம் எதுவும் இருக்கக் கூடாது. பூக்காலம் திரும்ப ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பாகை நிறுத்திடணும். காபி பூக்கிறப்பதான் தேன் அறைக்குச் சட்டம் திரும்பப் போகும். பூக்காலத்துலயும் பாகு வச்சு எடையை ஏத்தினா அது ஏமாத்துதான், அதுல ரெண்டாவது கருத்து இல்ல. கரும்பு கார்பனைப் பிடிக்கிற வழியே வேற, பெரும்பாலான பூச்செடிகளோட வழி வேற. அதனால கரும்புச் சர்க்கரை தேன்ல கலந்திருந்தா லேபில கார்பன்-13 அளவே காட்டிக்கொடுத்துடும்.

உண்மையில செப்டம்பர்ல எவ்வளவு பாகு வேணும்னு தீர்மானிக்கிறது மே மாசத்துல தேன் எடுத்த கை. புழு அறையில இருக்கிற தேன் வளைவைத் தொடாம, தேன் அறையில மட்டும் எடுத்தவங்களுக்குப் பாகுச் செலவு ரொம்பக் கம்மி. கடைசிச் சொட்டு வரைக்கும் பிழிஞ்சவங்க, தேனா எடுத்ததைச் சர்க்கரையாத் திருப்பிக் கொடுக்கிறாங்க. பண லாபம் இருக்கலாம். தேன்லயும் மகரந்தத்துலயும் இருக்கிற மத்த சத்தை எந்த மளிகைக் கடையிலயும் வாங்க முடியாது.

இவ்வளவு பார்த்தும் ஒண்ணு ரெண்டு பெட்டி போகத்தான் செய்யும். போயிட்டா பெட்டியை அப்படியே விட்டுடாதீங்க. காவல் இல்லாத அடையில மெழுகு அந்துப்பூச்சி முட்டை வச்சு, சில வாரத்துல எல்லாத்தையும் நூலாம்படையா மாத்திடும், அடுத்த குறி பக்கத்துல இருக்கிற பலவீனமான பெட்டி. பழைய அடையை வெட்டி எடுத்து உருக்கிடுங்க. பெட்டியைக் கழுவிக் காய வச்சு, உள்பக்கம் அந்த மெழுகையே கொஞ்சம் தேய்ச்சு, மழை படாத ஒரு மரத்தடியில வாசலைத் திறந்து வச்சுடுங்க. சாக்புரூட் வந்து போன பெட்டின்னா மட்டும் இதைச் செய்யாதீங்க. எங்க மாமா இந்த வருஷம் ரெண்டு பெட்டியை அப்படி வச்சிருக்கார். ஜனவரி வெயிலுக்கு மேல இருந்து இறங்கி வர்ற ஏதாவது ஒரு கூட்டம் குடியேறும்னு எதிர்பார்க்கிறார்.